வேலை செய்யாத எலைசா கிட் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வலியுணர்வு நரம்பு செல்கள் வெளியிடும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடை (சிறு புரதத் துண்டை) அளக்கத் தங்களிடம் வாங்கிய எலைசா கிட் (நிறத்தைக் கொண்டு அளவைக் காட்டும் சோதனைத் தொகுப்பு) வேலை செய்யவில்லை என்று மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் பலமுறை தெரிவித்தும், ஒருவர் மற்றொருவரைக் கைகாட்டியதைத் தவிர எதுவும் நடக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இது போட்டிமுறைக் கிட். பெப்டைடு கூடக்கூட நிறம் குறைய வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனால் ஸ்டாண்டர்டுக் குழிகள் (ஒப்பிடுவதற்காக அளவு தெரிந்த பெப்டைடை இடும் குழிகள்) அனைத்தும், மிகக் குறைந்த செறிவு முதல் மிக உயர்ந்த செறிவு வரை, ஒரே அடர்மஞ்சளாக நின்றன. இதைச் சொன்னபோது தங்கள் தொழில்நுட்பப் பிரிவில் பேசியவர், நான் முடிப்பதற்குள் குறுக்கிட்டு, "உங்க செல் எல்லாம் செத்திருக்கும், முதல்ல கல்ச்சர் பண்ணக் கத்துக்கிட்டு வாங்க" என்றார். ஸ்டாண்டர்டுக் குழியில் செல் ஏது ஐயா? தாங்கள் குப்பியில் அடைத்துத் தந்த பெப்டைடும் தாங்கள் தந்த கரைசல்களும்தான் அதில் இருந்தன. தான் விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்பதே தெரியாதவரை ஆய்வாளர்களுக்கு அறிவுரை சொல்ல உட்கார வைத்திருக்கிறீர்கள். என் செல்கள் சாகவுமில்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் இட்டதும், உயிரோடிருப்பதன் அடையாளமாக அவற்றில் கால்சியம் ஏறியதற்குப் படங்கள் உள்ளன.

கிட்டை நேரில் ஒப்படைக்கச் சொன்னதை நம்பித் தங்கள் கிடங்குக்குப் போனால், அங்கே திரும்பப் பெறுவதே இல்லை என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்லும் கிட், முதலில் வந்தபோதே ஜெல் பைகள் உருகி வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அன்றே படத்துடன் எழுதினேன், "பாதிப்பு இருக்காது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. 11 அமினோ அமிலங்கள் கொண்ட இப்பெப்டைடின் நுனியிலுள்ள மெத்தியோனின் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஸ்டாண்டர்டு கெட்டது அதனால் இல்லையென்றால், வேறு காரணத்தைத் தாங்களே கூறுங்கள்.

முதுகுத்தண்டை ஒட்டிய முதுகுவேர் முடிச்சிலிருந்து நான் ஆய்வுக்கு எடுக்கும் நரம்பு செல்கள் பெருகுவதில்லை. ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் ஹீலா செல்களைப்போல் பெருக்கி உறையவைத்து, வேண்டும்போது எடுத்து வளர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் எலிகள் வேண்டும், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அவற்றை வளர்க்க இடும் நரம்பு வளர்ச்சிக் காரணியின் விலையைத் தங்கள் பட்டியலிலேயே பாருங்கள். அளப்பதற்காகச் செல்களிலிருந்து சேமித்த ஊடகம் (வளர்ப்புத் திரவம்) முழுவதும் இந்தக் கிட்டிலேயே தீர்ந்து, என் முனைவர் பட்ட ஆய்வே மண்ணாகிவிட்டது.

வேறு தொகுதியைச் சேர்ந்த புதிய கிட்டை, வழிநெடுக வெப்பநிலைப் பதிவுடன் இலவசமாக அனுப்பி, எழுத்துப்பூர்வமான விளக்கமும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாள்களுக்குள் பதில் வராவிட்டால், எங்கள் கொள்முதல் பிரிவு தங்களுக்கான நிலுவைத் தொகையை நிறுத்திவைக்கும்; நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவி, நரம்பியல் ஆய்வகம்