ஒரு நாள் போதாது, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

உன் மெயில் வந்தது. டிசம்பர் கடைசியில் வருகிறாய், இங்கே கொச்சியில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சி, நம் கொச்சி-முசிறி பியனாலே, அதைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறாய். "முக்கியமானதை மட்டும் ஒரு லிஸ்ட் போட்டு அனுப்பும்மா" என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன். லிஸ்ட் வரவில்லை, இந்தக் கடிதம்தான் வருகிறது. பொறுமையாகப் படி.

கலைஞர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் சேர்ந்து முதல் பியனாலேயைத் தொடங்கியது 2012 டிசம்பர் 12-ம் தேதி. நீ அப்போது ப்ளஸ் டூ. பரீட்சை வருகிறது, படி என்று உன்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் எர்ணாகுளம் ஜெட்டியில் படகு ஏறிப் போனேன். அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு சனிக்கிழமை உன்னைக் கூட்டிப் போயிருந்தால் மார்க் ஒன்றும் குறைந்திருக்காது.

பியனாலே நடந்த ஆஸ்பின்வால் பங்களாவுக்குள் நுழைந்ததும் என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. 1867-ல் தொடங்கிய வெள்ளைக்காரக் கம்பெனியின் இடம் அது. மிளகு, இஞ்சி, தேங்காய் எண்ணெய் எல்லாம் அங்கிருந்துதான் கப்பல் ஏறின. ஒரு அறையில் தரை முழுக்க உடைந்த மண்சட்டித் துண்டுகள் பரப்பிக் கிடந்தன. வேலை இன்னும் முடியவில்லை போல என்று நினைத்து அடுத்த அறைக்குத் திரும்பினேன். அங்கே நின்ற வாலண்டியர் பெண், "ஒரு நிமிஷம் சேச்சி" என்று நிறுத்தினாள். அவை பட்டணம் என்கிற கிராமத்தில் 2007-லிருந்து நடந்த அகழாய்வில் தோண்டி எடுத்து, ஆய்வுக்குத் தேவைப்படாமல் ஒதுக்கிய ஓடுகள். விவான் சுந்தரம் என்கிற கலைஞர் அவற்றைக் கொண்டே ஒரு நகரத்தை அமைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். ஓடுகளுக்கு இடையில் கறுப்புக் கறுப்பாக மிளகு.

மிளகைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. பட்டணம்தான் பழைய முசிறித் துறைமுகம் என்கிறார்கள். யவனர்களின் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியது என்று அகநானூறு பாடுகிறதே, அந்த முசிறி. பியனாலேயின் பெயரிலேயே முசிறி இருக்கிறது. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில் அந்தத் துறைமுகம் தூர்ந்து, கொச்சிக்கு வாய் திறந்தது என்று சொல்வார்கள். திருநெல்வேலியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஊர் என் காலடியில் உடைந்து கிடந்தது. அந்தப் பெண் நிறுத்தாமல் இருந்திருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பேன். அன்றிலிருந்து யாராவது ஒருவர் கூட நடக்காமல் நான் பியனாலே பார்ப்பதில்லை.

கூட்டிப் போகிற பிள்ளைகளை ஆர்ட் மீடியேட்டர் என்கிறார்கள். நல்லவர்கள் கையில் மாட்டினால் நம் அதிர்ஷ்டம். ஒரு தடவை எங்களைப் பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரிக்குக் கூட்டிப் போன பையன் முதல் பத்து நிமிஷம் வாயே திறக்கவில்லை. "மூக்கை வைத்துக்கொண்டு நடங்கள், அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொன்னான். சாக்கு வாடை, காய்கிற சுக்கு, எங்கிருந்தோ ஏலக்காய், நடுவில் காயலின் சேற்று வாடை. ஒரு கிட்டங்கி வாசலில் தும்மல் வந்து எல்லோரும் நின்றுவிட்டோம், உள்ளே வற்றல் மிளகாய் மூட்டை. அந்தத் தெருவில் நடந்தபோதுதான் 2014 பியனாலேயில் பெப்பர் ஹவுஸ் என்கிற பழைய கிட்டங்கியில் பார்த்தது எனக்கு முழுதாகப் புரிந்தது. நம் தமிழ்நாட்டுச் சிற்பி பெனிதா பெர்சியல், சாம்பிராணி, மூலிகைப் பொடி, மசாலாச் சாமான் எல்லாம் கலந்து இயேசுவையும் புனிதர்களையும் செய்து வைத்திருந்தார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும் சிலைகள். முதலில் பார்த்தபோது மணத்தை ஒரு அழகு என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்த மணத்துக்காகத்தானே இத்தனை கப்பல் இந்தக் கரைக்கு வந்தது, கப்பலோடு சாமிகளும் வந்தார்கள்!

பேச்சுக் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவியர்கள், சிற்பிகள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலர் எழுதி வந்ததை வாசித்துவிட்டு இறங்கிவிடுவார்கள், நமக்கு ஒன்றும் ஏறாது. ஆனால் ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இளம் சிற்பி இங்கிலீஷில் கடினமான வார்த்தைகளாகப் பேசிக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். தோளில் துண்டு, பக்கத்துக் கிட்டங்கியில் சுமை ஏற்றி இறக்குகிறவர். மலையாளத்தில் கேட்டார்: "அதைத் தூக்கி வைக்க எத்தனை ஆள் வேண்டியிருந்தது?" சிற்பியின் முகமே மாறிவிட்டது. எட்டுப் பேர், மூங்கில், கயிறு, நடுவில் கயிறு அறுந்தது, எந்த இடத்தில் கல்லில் கீறல் விழுந்தது, அந்தக் கீறலை ஏன் மறைக்காமல் விட்டார் என்று அரை மணி நேரம் பேசினார். கேட்டவர், கயிறை அப்படிக் கட்டியிருக்கக் கூடாது என்று கையாலேயே முடிச்சுப் போட்டுக் காட்டினார். நான் கேட்டதிலேயே சிறந்த பேச்சு அதுதான். மறுநாள் காலையில் போய் அந்தக் கீறலைத் தொட்டுப் பார்த்தேன்.

இப்போது 2016. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. ஆகஸ்டில் நீ டொரண்டோவுக்குப் போனாய். டிசம்பரில் பியனாலே. ஆஸ்பின்வாலில் ஒரு நீளமான கிட்டங்கிக்குள் முழங்கால் அளவுக்குக் கடல் தண்ணீரை விட்டிருந்தார்கள். சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரிதா செய்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் குளிர்ந்து கிடந்தது, காலடியில் தரை வழுக்கியது. இரண்டு பக்கச் சுவரிலும் கேள்விகள். கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்கிற மாதிரி. எதிர்ச் சுவரில் இருப்பதைப் படிக்க வேண்டுமென்றால் தண்ணீரைக் கடந்தே ஆக வேண்டும்.

2015-ல் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியாக் குழந்தையின் படம் உனக்கு ஞாபகம் இருக்கும், சிவப்புச் சட்டை போட்ட பிள்ளை. அவனுடைய அண்ணன் காலிப், ஐந்து வயது, அதே அகதிப் படகில் போய் மூழ்கியவன். தம்பியின் படத்தை உலகமே பார்த்தது. காலிப்பை யாருக்கும் தெரியாது. அந்தக் கடலை சுரிதா அவனுக்காகச் செய்திருந்தார். நான் அவனுக்கு அப்பன் இல்லை, ஆனாலும் அவன் என் பிள்ளை என்பதுபோல அந்தச் சுவரில் முடித்திருந்தார். 1973-ல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவரைக் கப்பலின் அடித்தளத்தில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று வெளியே வந்தபிறகு மீடியேட்டர் சொன்னாள். நனைந்த புடவையோடு படகில் திரும்பினேன். நீ விமானத்தில் பத்திரமாகப் போய் இறங்கியவள், உனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் உனக்கு போன் போட்டேன். அங்கே விடியற்காலை. "என்னம்மா இந்நேரத்துல?" என்றாய். சும்மாதான் என்றேன். அந்தச் சும்மாவுக்குக் காரணம் இதுதான்.

இன்னும் ஒரே ஒரு இடம் சொல்லிவிடுகிறேன். அது பியனாலேவுக்குள் இல்லை, ஆனால் நடைக்காரர்கள் சிலர் கூட்டிப் போவார்கள். வெளி என்கிற இடத்தில் டோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் பட்டாளத்துத் துணியை வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து கூட்டி வந்தவர்களின் வம்சம் அங்கே இன்றும் வெளுக்கிறது. முந்நூறு வருஷம் ஆகியும் தமிழ் பேசுகிறார்கள், மலையாளம் கலந்த தமிழ். கொடியைக் கவனித்துப் பார். கிளிப் கிடையாது. இரண்டு கயிறை முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் நுனியை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் அசையாது. ஒரு பாட்டி எனக்குச் செருகிக் காட்டினார். "எந்த ஊரு தாயி?" என்று கேட்டார். இருபத்தைந்து வருஷமாகக் கொச்சியில் இருக்கிறேன், என்னை அப்படி யாரும் கேட்டதில்லை.

அதனால் ஒரு நாளில் முடியாது. காலையில் ஒரு நடை, வெயில் ஏறினால் வீட்டுக்கு வந்து சாப்பாடு, சாயங்காலம் ஒரு பேச்சு, மறுநாள் இன்னொரு நடை. எதையாவது விட்டால் விட்டுப்போகட்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி, அவர் பாதி வழியில் சீனவலைப் பக்கம், அதுதான் கரையில் கட்டி வைத்திருக்கிற அந்தப் பெரிய மீன்வலை, அங்கே உட்கார்ந்துகொள்வார். ஐந்தாறு பேர் சேர்ந்து இழுத்தால் எதிர்ப் பக்கம் கட்டித் தொங்கவிட்ட கற்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் பொழுது போய்விடும்.

டிக்கெட்டை மூன்று நாள் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டுப் பார். முடியாவிட்டால் இரண்டு நாளாவது. முழங்கால் வரை மடிக்க வருகிற மாதிரி ஒரு பேன்ட் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா