சந்தையோடு சுதந்திரமும் வந்துவிடுமா?

ஆசிரியருக்கு,

‘சீனாவைப் போல் கண்டிப்பான ஆட்சி இருந்தால் தொழில் வளரும், மற்ற உரிமைகள் தானாகப் பின்னால் வரும்’ என்று திருப்பூர் பனியன் கம்பெனி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கிறேன். இது தவறு. சீனா 1978-இல் பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியது. 1989-இல் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்களைப் பெய்ஜிங்கில் சுட்டது. சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசே சந்தையைத் திறந்துவிட்டு, தொழிற்சங்கங்களை நசுக்கினார். தென்கொரியாவிலும் ஏற்றுமதி பெருகியதால் மட்டும் 1987-இல் அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் நேரடித் தேர்தல் வந்துவிடவில்லை. மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

இங்கே கூலி உயர்வுப் பேச்சு இழுத்தடித்தால், தையல் தொழிலாளி கம்பெனி வாசலிலேயே கொடி பிடித்து நிற்கிறார். என் கம்பெனி வாசலிலும் நின்றிருக்கிறார்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால், அரசு ஏற்ற ஒரே சங்கத்தைத் தவிர வேறு சங்கமே வைக்க முடியாத சீனாவை நமக்கு முன்மாதிரியாகக் காட்டாதீர்கள்.

– பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்