பி.டி.எஃப் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டுக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். "பி.டி.எஃப்தானே, வேர்டில் திறந்து பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்" என்று தினமும் யாராவது வந்து நிற்கிறார்கள். வேர்டு 2013 முதல் பி.டி.எஃபைத் திறக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பில் பெரும்பாலும் இருப்பது, எந்த எழுத்து வடிவம் தாளில் எந்த இடத்தில் என்பதுதான். பத்தி, அட்டவணையையெல்லாம் வேர்டு ஊகித்துத்தான் அமைக்கிறது. ஆங்கிலக் கடிதம் ஓரளவு தேறிவிடும். தமிழ்தான் படாத பாடு படுகிறது. 'கொடுக்கல்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து நிற்கும். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது என்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். ஸ்கேன் செய்தது என்றால் அது வெறும் படம்.

அலுவலகங்கள் படிவங்களை இணையத்தில் பி.டி.எஃபாக மட்டும் போடாமல், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்த வேர்டு கோப்பையும் சேர்த்துப் போட வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டதே! அப்புறம், கடையில் எதை அடிக்கக் கொடுத்தாலும் பிறகு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் (வேர்டு போன்றவற்றில் அடித்த கோப்பு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

– டிடிபி கடைக்காரர், திண்டுக்கல்