மாசியில் வருகிறாய் என்றால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சைக்கிளில் வர நீ கேட்ட வழியைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

உத்தமபாளையத்தில் நம் கடையிலிருந்தே கிளம்பு. குமுளி மெயின் ரோட்டைப் பிடிக்காதே. கிழக்கே திரும்பி கோகிலாபுரம், ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி. பிறகு மேகமலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி. அங்கிருந்து கம்பம், வீடு. சுமார் நாற்பது கிலோமீட்டர். மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மெயின் ரோடு கடைசியில் கம்பத்திலிருந்து வீடு வரைக்கும்தான்.

வெளிச்சம் வந்தபிறகு, ஆறரைக்குக் கிளம்பினால் போதும். ஒன்பதரைக்குள் வீட்டில் இரு. கம்பம் மெட்டுப் பக்கம் ஆசைப்படாதே. காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள் கொண்டை ஊசி வளைவில் எப்படி வரும் என்று உனக்கே தெரியும். சாயங்காலம் இறங்கும்போது அதைவிட மோசம்.

திராட்சைப் பந்தல் ராயப்பன்பட்டியிலிருந்து சுருளிப்பட்டி வரைக்கும் விட்டுவிட்டு வரும். ஒரே நாளில், கிளையை வெட்டிக் கவாத்து முடித்த மொட்டைப் பந்தல், பக்கத்தில் பூ, அடுத்ததில் கறுத்த பழம் என்று மூன்றையும் பார்க்கலாம். ஆளாளுக்கு ஒரு மாதத்தில் கவாத்துப் பண்ணுவதால்தான் இங்கே வருசம் முழுக்கப் பழம். கவாத்திலிருந்து அறுப்புக்கு நாலு மாதம். நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, படித்திருப்பாய். ஒயினுக்கும் போகிறது. தோல் மெல்லிசு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மிதித்தால் வீடு வரும்போது ரசம்தான். இலை நீலம் பூத்திருந்தால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்து அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்தப் பந்தலில் பழம் பறித்து வாயில் போடாதே.

இப்போது ரோடு. மாசியில் இரண்டாம் போக நெல் அறுப்பு இருக்கும். வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் சேற்றை ரோட்டில் உதறிவிட்டுப் போகும். காய்ந்தால் கல், ஈரமாக இருந்தால் வழுக்கல். வைக்கோலையும் கொள்ளுச் செடியையும் ரோட்டிலேயே பரப்பி வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏறினால் தண்டு பின் கியருக்குள் சுற்றிக்கொள்ளும். இழுக்கிற சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்து. "வந்துவிடும்" என்று அழுத்தினால் கியர் மாற்றுகிற டிரெயிலர் சக்கரத்து ஆரக்கம்பிக்குள் போய்விடும், அதைப் பிடித்திருக்கிற ஹேங்கர் ஒடியும். உன் வண்டி ஹேங்கர் மதுரையிலேயே கிடைப்பது சந்தேகம், ஒன்று கையோடு கொண்டுவா. இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்னால் சுற்றி, தண்டை விரலால் உருவு.

வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடி. வளைவுக்குள் பிடிக்காதே. வாய்க்கால் பாலத்துத் திருப்பங்களில் மணல் ஒதுங்கிக் கிடக்கும். மணல்மேல் முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் நழுவும், விழுகிறவர்கள் பெரும்பாலும் தோளில்தான் விழுவார்கள். பொதுவாகச் சொல்கிறேன்.

முள்ளைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். நெருஞ்சி அந்த மாதம் காய்ந்து ரோட்டோரம் முழுக்க இருக்கும், வேலிக்கருவேல் அதற்குமேல். வண்டியை மண்ணில் இறக்காதே. பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுவதற்கு முன் டயருக்குள் பழைய பனியன் துணியை வைத்து ஒரு சுற்று இழு. உள்ளே நிற்கிற முள் முனை விரலுக்குத் தெரியாது, பஞ்சுத் துணியில் மாட்டும். அதை எடுக்காமல் போட்டால் இரண்டாவது டியூபும் போச்சு. வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள். ரிம் பக்கம் என்றால் ஆரக்கம்பி ஓட்டைகளை மூடுகிற நாடா விலகியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்தமாதிரி இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறாய்.

டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறைவாக வேண்டாம். உன் எடைக்குக் காற்று முன்னால் 65 பி.எஸ்.ஐ., பின்னால் 70 போதும். அந்த மதுரைப் பையன்கள் 100 வைத்துக்கொண்டு வந்து, கை மரத்துப்போகிறது என்று என்னிடமே கேட்கிறார்கள். வலி இருக்கிறவர்கள் ஹேண்டிலை ஒரு சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளலாம், பிடியில் டேப்பை இரட்டையாகச் சுற்றலாம். முதுகில் பை வேண்டாம். இடது தோளில் எதுவுமே வேண்டாம்.

சித்தப்பா மகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எக்ஸ்ரே படத்தையும் காட்டினான். அம்மாவுக்குத் தெரியாது. இரண்டு மாதமாக வீடியோவில் வராததற்கு நெட் சரியில்லை என்று நீ சொன்னதை அவள் நம்புகிறாள், நானும் நம்புகிறமாதிரி இருக்கிறேன்.

உன்னைக் கோபிக்க எனக்கு வாயில்லை பாப்பா. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் உனக்குக் கொடுத்த சைக்கிளில் கேரியரை மாற்றி, மணிக்கணக்குக்கு வாடகைக்கு விட்டவன் நான். கடை நிறைய வண்டி இருந்தும் நீ பஸ்ஸில் நின்றுகொண்டு போனாய். ரோட்டில் விழுந்துவிடுவாய் என்று பயம் என்றேன். பயம் பாதிதான். ஆள் பேசுவார்களே என்பதுதான் மீதி. மணலில் எப்படித் திருப்புவது என்பதை உனக்கு அன்றைக்கே நம் தெருவில் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டினாய் என்று போட்ட படத்தைக் கடையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் எல்லாம் யார் என்று கேட்கிறார்கள்.

வளைவுக்கு முன்னால் பிரேக், மறக்காதே. வழியில் ஊர்க்கடைகளில் காற்று அடிக்கிற குழாய் உன் மெல்லிசு வால்வுக்குச் சேராது, பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். கம்ப்ரஸரில் அடிக்க விடாதே, அது லாரிக்கானது. டியூபை நான் மதுரையில் சொல்லி வாங்கி வைக்கிறேன். ரிம் ஆழத்துக்குத் தகுந்தமாதிரி வால்வு நீளம் மாறும். உனக்கு 48 மில்லிமீட்டரா, 60-ஆ என்று ஒரு வரி எழுது. வலது கையால் எழுதலாமே.

அப்பா