கிரீன் சர்க்கிள் ஆட்டோ அண்ணாவுக்கு

புதுக் காருக்கு மாலை போட்டு போட்டோ எடுத்தவர்கள், ரிமோட் பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வதென்று சொல்லித் தரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தால் கதவு திறக்கவில்லை. வேலூர் வெயில் வேறு!

கேட்காமலே ஆட்டோவை ஓரங்கட்டினீர்கள். முதலில் அம்மாவை உங்கள் சீட்டில் உட்கார வைத்தீர்கள். அப்புறம் ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்ததும் சைரன் அலறியது. ரோடே நம்மைத் திருடர்களாகப் பார்த்தது. நீங்கள் சிரித்துக்கொண்டே, பிரேக்கை மிதித்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி அழுத்தச் சொன்னீர்கள். வண்டி கிளம்பியது.

பணம் நீட்டினேன். “அத விடுங்க சார், வாட்ச் கடையில 2032 செல்லு கேளுங்க” என்று சவாரிக்குப் போய்விட்டீர்கள்.

செல் மாற்றியாச்சு அண்ணா. அம்மாதான் உங்கள் பெயரைக் கேட்டு நச்சரிக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் யாருக்காவது இந்த அண்ணாவைத் தெரிந்தால் இதை அவரிடம் காட்டுங்கள்.