கரிப்பெட்டிச் சூட்டுக்கு ஒரு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று காலை நாய்க்குட்டி மஞ்சள் தானாக எழுந்து நடந்து வந்து கிண்ணத்தில் வாய் வைத்தது. கோழி வேகவைத்த தண்ணீரில் குழைத்த சோறு. நான்கு வாய் தின்றது. ஐந்தாவது வாய்க்கு முன்னங்காலைக் கிண்ணத்துக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு நின்றபடி தூங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். விரலில் இன்னும் ப்ளீச் வாடை போகவில்லை.

நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நான் அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் கேட்டவர்கள் நீங்கள். மழைநீர் வடிகால் பள்ளத்திலிருந்து வந்த ஐந்து நாய்க்குட்டிகளுக்கும் பார்வோ, குட்டிகளை வாந்தியும் பேதியுமாகச் சாய்க்கும் கிருமி. ஐந்தில் மூன்று இருக்கின்றன. நீலமும் வெள்ளையும் இல்லை. அதற்கு மேல் எழுத இப்போது தெம்பில்லை.

(நீலம், வெள்ளை என்பதெல்லாம் பெயர் இல்லை. அடையாளத்துக்காகக் கழுத்தில் கட்டிய கம்பளி நூலின் நிறம். பெயர் வைத்தால் அனுப்பும்போது மனசு கேட்காது என்று ஆறு வருடத்துக்கு முன், வேறு வீடு கிடைக்கும்வரை வைத்து வளர்த்த முதல் ஃபாஸ்டர் குட்டியோடு கற்றுக்கொண்டேன். நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அதே கதைதான் என்று இந்தத் தடவை கற்றுக்கொண்டேன்.)

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் அந்தச் சுண்டுவிரல் அகலக் காலில் நரம்பு தேடி ஊசி ஏற்றிய டாக்டரம்மாவுக்கு. "வந்த நாலாம் நாளே வாந்தின்னா, அதுங்க வரும்போதே கிருமியோடதான் வந்திருக்கு. உங்க வீட்ல பிடிக்கல" என்று அவர் போகிற போக்கில் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் என்னையே தின்றுகொண்டிருப்பேன். ஆதம்பாக்கத்திலிருந்து வேப்பேரிக்கு ஏழு நடை வந்த ஆட்டோ அண்ணனுக்கு. சீட்டில் குட்டி அசிங்கம் செய்தபோது "மழைத் தண்ணியில கழுவிக்கலாம் விடுங்க" என்றவர் அவர். சலைன் பாட்டிலைக் கடனுக்குக் கொடுத்த மருந்துக்கடைத் தம்பிக்கு. ஐம்பதும் நூறுமாக அனுப்பிய உங்களுக்கு. கணக்கைத் தனியாகப் போடுகிறேன், மீதியில் மூன்றுக்கும் தடுப்பூசி போடலாம். இந்தக் கிருமி மனிதரைத் தொற்றாது என்று ஒருமுறை சொன்னதும் நம்பி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டும் ஒரு வார்த்தை முணுமுணுக்காத எதிர் வீட்டுக்காரர்களுக்கு. ஜன்னல் கம்பியில் சலைனைத் தொங்கவிட்டுக்கொண்டு விடிய விடிய சொட்டு எண்ணிய என் வீட்டுக்காரருக்கு. "இதுதான் கடைசி, சொல்லிட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே அடுத்த முறைக்கும் பால் குடிக்கிற தட்டைக் கழுவி எடுத்து வைக்கும் அம்மாவுக்கு. "தெருநாய்க்கா இவ்வளவு செலவு பண்றீங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய இடமும் ஒன்று உண்டு. அதற்கு இங்கே இடமில்லை.

இனி, நான் சொல்ல வந்த ஆளைப் பற்றி.

எங்கள் தெருமுனையில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாரே, அந்த அண்ணன். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுத் துணி அவர் கையில். பக்கத்துத் தெருக்காரர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார். இவர் இன்னும் கரிப்பெட்டிதான். வண்டிக்கு அடியில் காது நுனி வெட்டிய செவலை நாய் ஒன்று சுருண்டு கிடக்கும். அதற்கும் பெயர் மணி, தெருவில் போகிற எந்த நாய்க்கும் அவர் அகராதியில் பெயர் மணி. நாயைப் பற்றி அவரும் நானும் பேசிக்கொண்டது அதுவரைக்கும் அவ்வளவுதான்.

பார்வோ புகுந்த வீட்டில் மருந்துக்கு அடுத்தபடி வேண்டியது துணி. இது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். வாந்தி நின்றால் பேதி, பேதி நின்றால் வாந்தி. ஐந்து குட்டிக்கு ஒரு நாளைக்கு நாற்பது துண்டு ஆனது. பழைய வேட்டி, லுங்கி, அம்மாவின் வாயில் புடவை எல்லாம் கிழித்தாயிற்று. செய்தித்தாள் விரிக்கலாமே என்று சிலர் சொன்னீர்கள். விரித்தேன். உடம்பில் சூடு நிற்காத குட்டிக்குத் தாள் போதவில்லை. துணியை வெறுமனே துவைத்தாலும் பயனில்லை. ஃபினாயில், டெட்டாலுக்கெல்லாம் இந்தக் கிருமி அசைந்து கொடுக்காது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, பிழிய வேண்டும். அதுவரைக்கும் என் கையில் இருந்தது. காய வைப்பது என் கையில் இல்லை. ஐப்பசி அடைமழை. ஹால் முழுக்கக் கொடி கட்டி, நாற்காலி முதுகிலெல்லாம் போட்டு, இரண்டு மின்விசிறியையும் ஓடவிட்டும் தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. டாக்டரம்மாவோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "என்ன மருந்து ஏத்தினாலும் ஈரத்துல படுத்தா அவ்ளோதான்."

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரரின் ஆபீஸ் சட்டைகளை வாங்க இறங்கிப் போனேன். தலை வாரி இரண்டு நாள் ஆகியிருந்தது. "என்னம்மா, மூஞ்சியே சரியில்ல?" என்றார். குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. "துணி காயலைண்ணா" என்றேன். சொல்லிவிட்டு நடுத்தெருவில் குடையோடு நின்று அழுதேன். துணி காயாததற்கு ஒருத்தி இப்படி அழுவாளா என்று அவர் கேட்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "இவ்ளோதானா? எடுத்துட்டு வா" என்றார்.

எனக்கு உடனே மணியின் நினைப்புதான் வந்தது. இது நாய்க்கு நாய் பரவும்ணா, உங்க வண்டிக்கடியிலேயே ஒருத்தன் படுத்திருக்கானே என்றேன். ப்ளீச்சில் ஊறின துணியிலும் இருக்குமா என்று கேட்டார். அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சொன்ன அளவில், சொன்ன நேரம் ஊறியிருந்தால் பயமில்லை என்றார். அதற்குப் பிறகும் அண்ணன் தானாக ஒரு முறை வகுத்துக்கொண்டார். ஊரார் துணியெல்லாம் முடிந்து, மூட்டை கட்டி அனுப்பிய பிறகுதான் எங்கள் துணி. மேலே வேறு ஒரு விரிப்பு. மணிக்கு அந்த நேரத்தில் டீக்கடை வாசல்.

அன்றிலிருந்து ஒன்பது ராத்திரி. எட்டு மணிக்கு வாளி இறங்கும், பத்து மணிக்குள் மூட்டை ஏறும். ஈரத் துணியில் கரிப்பெட்டியை வைத்தால் எழும் அந்தச் சத்தமும் ஆவியும் இருக்கிறதே, மழை பெய்கிற தார்ப்பாய்க்குக் கீழே அவர் முகமே தெரியாது. ஒரு துண்டுக்கு மூன்று இழுப்பு, திருப்பிப் போட்டு மூன்று இழுப்பு. ஆறேழு கிலோ இருக்கும் அந்தப் பெட்டி. அவருக்கு வயது அறுபதுக்கு மேல்.

முதல் நாள், காய்ந்த துணியைக் குவியலாக வாளியில் திணித்துத் தருவார் என்றுதான் நினைத்தேன். வந்தது, நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர்த்து அடுக்கி, செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய கட்டு. கல்யாண வேட்டிக்குக் கூட அவர் இப்படிக் கட்டிப் பார்த்ததில்லை. பிரித்தால் கிழிந்த லுங்கி.

"அரை மணியில நாசமாகப் போற துணிண்ணா. மடிக்காதீங்க."

"மடிக்காம குடுத்தா எனக்குக் கை அரிக்கும்மா."

கட்டு சூடாக இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினேன். மேலாக இருந்ததை எடுத்து நீலத்துக்குக் கீழே விரித்தேன். அதுவரை விட்டு விட்டு நடுங்கிக்கொண்டிருந்த குட்டி ஒரு பெருமூச்சு விட்டு முகத்தைத் துணியில் புதைத்தது. அன்று ராத்திரி நாலு மணி நேரம் விடாமல் தூங்கியது. இரண்டு நாள் கழித்துப் போய்விட்டது. காய்ந்த துணியில் படுத்துப் போனது. இதை எழுதிவிட்டு அழித்தேன்; மறுபடி எழுதியிருக்கிறேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறொன்றும் இல்லை.

காசு கொடுத்தால் வாங்கவில்லை. "அணையப்போற கங்குலதானேம்மா தேய்க்கிறேன், அதுக்கு என்ன காசு" என்றார். நானும் நம்பினேன். எட்டாம் நாள் டீக்கடைக்காரர்தான் உடைத்தார்: "எட்டு மணிக்குக் கடையைச் சாத்துற மனுஷன். உங்க துணிக்காகத் திரும்பக் கரி போட்டு மூட்டுறாரு." அன்று இரவு நின்று பார்த்தேன். பழைய சாம்பலைத் தட்டிவிட்டு, கை நிறையப் புதுக் கரி. விசிறிக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானும் மழையைப் பற்றியே பேசினேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்துகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அபார்ட்மெண்டில் நாய்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று பலகை வைத்தார்கள். விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அச்செடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்றேன். நாய்களுக்கு லிஃப்டை மறுக்கக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று வாசித்துக் காட்டினேன். உங்களில் பாதிப்பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னீர்கள். அந்த வரியை அழித்தார்கள். அதற்கு மேல்வரி அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது: வீட்டு வேலை செய்பவர்கள், டெலிவரி, இஸ்திரி, படிக்கட்டைப் பயன்படுத்தவும்.

அந்தப் பலகையை நான் எழுத்து விடாமல் படித்தவள். மேல்வரி என் கண்ணில் படவேயில்லை. ஐந்தாம் நாள் என்னால் இறங்கிப் போக முடியாமல், அவரே கட்டோடு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்து, கதவருகில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் பட்டது. என் குட்டிகள் லிஃப்டில் வந்தன. அவற்றின் துணி படிக்கட்டில் வந்தது.

சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை கையில் காட்ட வாரியத்தின் தாள் ஏதுமில்லை. வாய்தான். வருகிறவர்கள் வாருங்கள்.

"இனிமே ஃபாஸ்டர் எடுப்பியா?" என்று நேற்று இரண்டு பேர் கேட்டீர்கள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன், அது பொய். எடுப்பேன். புது வீட்டில் மூன்றாம் நாள் இரவு ஏதோ ஒரு சத்தத்துக்குக் குட்டி முதன்முதலாகக் குரைக்குமே, குரைத்துவிட்டுத் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து நம் காலுக்குள் ஓடி வருமே, அதற்காக எதையும் தாங்கலாம். கூட்டிக்கொண்டு போக வந்தவர்கள் கார் கதவைச் சாத்தும்போது வருகிற வயிற்று வலியைக்கூட. ஆனால் இந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையிலும் சுவர் இடுக்கிலும் கிடக்கும் சாதி. அதனால், தடுப்பூசி முழுக்க முடியாத குட்டி எதுவும் அடுத்த ஒரு வருடத்துக்கு இந்த வாசலைத் தாண்டாது. எவ்வளவு அழகான படத்தை அனுப்பினாலும் சரி. போட்டு முடித்த பெரிய நாய், கருத்தடை முடிந்து புண் ஆறக் காத்திருக்கும் நாய், யாரும் எடுக்காத வயசான நாய், இவற்றுக்குக் கதவு திறந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மூன்றும் தேறியதும் வீடு தேட வேண்டும். உடம்பு தேறி இரண்டு வாரமாவது தனியாக வைத்திருந்துதான் கொடுப்போம், அவசரப்படாதீர்கள். சிவப்பு ஆண். பச்சையும் மஞ்சளும் பெட்டை. "பெட்டையா? வேணாங்க" என்று ஆரம்பிப்பவர்களும் "என்ன பிரீட்?" என்று ஆரம்பிப்பவர்களும் தயவுசெய்து எனக்குப் போன் போட வேண்டாம், ஒரு மாதத்துக்காவது. கருத்தடைக்கான முழுச் செலவும் எங்களுடையது.

அண்ணனுக்கு என்ன செய்வது என்று யோசித்துக் கொண்டிருந்தேன். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தால் பத்தோடு பதினொன்றாகிவிடும். அம்மாதான் ஒரு மூட்டைக் கரி வாங்கிப் போடச் சொன்னாள். நேற்று இறக்கிவிட்டு வந்தோம். "இது எதுக்கு?" என்றார். "கங்கு அணையாம இருக்கண்ணா" என்று வீட்டுக்காரர் சொல்ல, டீக்கடைக்காரரை அண்ணன் முறைத்த முறைப்பு இருக்கிறதே!

கடைசி மூட்டையில் இன்னும் பதினாலு துண்டு மீதி இருந்தது. மடிப்புக் கலையாமல் அலமாரியில் எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் கொண்டுபோய்க் கட்டில் ஓரத்தில் வைத்தேன். இதை எழுதி முடிப்பதற்குள் பதின்மூன்று ஆகிவிட்டது. ஒன்றை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு போய், சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டு, மேலே ஏறிப் படுத்திருக்கிறது மஞ்சள்.