ஒட்டும் பிரிவின் காற்றை அளந்து சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தொழிற்சாலை ஆய்வு அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் ஆம்பூர் பக்கத்து ஷூ தொழிற்சாலை ஒன்றுக்கு ஆய்வுக்கு வந்தீர்கள். அன்று காலையே பேஸ்டிங் பிரிவின் ஜன்னல்களைத் திறந்து, மாதக்கணக்கில் ஓடாத விசிறியை ஓடவிட்டு, தோலை ஒட்டும் பசையான சொல்யூஷன் டப்பாக்களை மூடிவைத்திருந்தார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் அக்கா அந்தப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தாள். திறந்த டப்பாவில் பிரஷ்ஷை முக்கி, தோலின் விளிம்பில் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டும் வேலை. தலைக்குக் குளித்தாலும் முடியில் அந்த வாடை போகாது. ஒருநாள் சிவப்புத் தோலையும் பழுப்புத் தோலையும் மாற்றி அடுக்கிவிட்டாள் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டினார். அவள் கவனமாகத்தான் இருந்தாள். வலது கண்ணுக்குச் சிவப்பு நிறமே வெளிறித் தெரிந்தது. பிறகு கால் மரத்தது. ஸ்கேன் எடுத்துவிட்டு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், அதாவது தண்டுவட மரப்பு நோய் என்றார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் நோய். 34 வயதில் சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போகிறாள்.

சொல்யூஷன்தான் காரணம் என்று ஒரே ஒருத்தியை வைத்து யாரும் நிரூபிக்க முடியாது. மரபணு, வைரஸ், புகைப்பழக்கம் என்று பலதும் சேர்ந்து வருவது இது. ஆனால் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஷூ, தோல் தொழிலாளர்களிடம் இந்த நோய் அதிகம் என்று 1982இலேயே ஆய்வு வெளிவந்தது. சுவீடனில் 2,042 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. சொல்யூஷனில் இருப்பது போன்ற கரைப்பான்களோடு பழகியவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுவும் இருந்தால் ஏறக்குறைய 7 மடங்கு. புகைப்பழக்கமும் சேர்ந்தால் 30 மடங்கு. தன் மரபணுவில் என்ன இருக்கிறது என்று டப்பா முன்னால் உட்காரும் எந்தப் பெண்ணுக்குத் தெரியும்?

ஆகவே கேட்கிறேன்: அந்தக் காற்றை அளந்து சொல்லுங்கள். டொலுயின் என்ற கரைப்பானுக்கு 8 மணி நேரச் சராசரி 100 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு என்று தொழிற்சாலைகள் சட்டமே வரம்பு வகுத்தது. அந்த அறையில் எவ்வளவு இருக்கிறது என்று அக்காவுக்கு 11 ஆண்டுகளில் ஒருவரும் சொன்னதில்லை.

மருத்துவமனைச் சீட்டில் அவள் தொழில் "இல்லத்தரசி" என்று எழுதியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, பெண் என்றதும் எழுதிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நோயை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் கிடைக்கிறது. ஆனால் என்ன வேலை பார்த்தாள் என்பது எந்தத் தாளிலும் ஏறாவிட்டால், எத்தனை பேஸ்டிங் பெண்களுக்கு இப்படி ஆனது என்று எந்தக் காலத்தில் யார் எண்ணுவது? அது உங்கள் துறை இல்லை என்பது தெரியும். மனம் பொறுக்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள்.

உங்களால் ஆவதை மட்டும் பணிவோடு கேட்கிறேன். முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். மாலை நான்கு மணிக்கு, வாடை முற்றியிருக்கும் நேரத்தில் வாருங்கள். காற்றை அளந்து, அந்த எண்ணை வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வரம்பு மீறியிருந்தால் கரைப்பானுக்குப் பதில் நீரை வைத்துச் செய்த பசைக்கு மாறச் சொல்லுங்கள்.

அக்காவின் இடத்தில் இப்போது 19 வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பேஸ்டிங் தொழிலாளி ஒருத்தியின் தங்கை